எட்டு, அந்தியேட்டி, அதற்குப் பிறகு: தீவக வாழ்வில் ஆற்றுப்படுத்தல்

வாழ்க்கை தலைகீழாகிப்போன ஒருவருக்குத் துணைநின்று வழிகாட்டும் பணியை ஈழத்தமிழர் ஆற்றுப்படுத்தல் என்கிறார்கள். உளவளத்துணை, சீர்மியம் என்ற சொற்களும் வழக்கில் உண்டு. ஆயினும் பொருத்தத்தில் முந்தி நிற்பது ஆற்றுப்படுத்தல்தான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை தெய்வத்திடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்கிறான். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எங்கே தங்கலாம், அங்கே என்ன சோறு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வரும். சொல்பவனுக்கு இருக்கவேண்டிய ஒரே தகுதி, அந்த வழியால் முன்பே நடந்திருப்பது. யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்தத் துறை கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த விதத்தைப் பார்ப்பவருக்கு, பழைய பெயர் தற்செயலாக ஒட்டியதாகத் தோன்றாது.

தீவகத்தில் ஒன்றான எழுவைதீவு சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போகவேண்டும். வேலணை, புங்குடுதீவு போலத் தாம்போதியால் இணைக்கப்படவில்லை. சைவரும் கத்தோலிக்கரும் வாழும் ஊர். கடலும் பனையும் சிறுதோட்டமும் தொழில். இப்படியான இடத்தில் வாழ்க்கையின் ஒவ்வொரு பெரிய மாற்றமும் ஒரு கடற்பயணத்தோடு வருகிறது. மேற்படிப்புக்கும், பிள்ளைப்பேற்றுக்கும், கலியாணம் செய்து வேறூர் போவதற்கும் படகு ஏறவேண்டும். தீவக ஆண்களில் கணிசமானோர் ஒரு காலத்தில் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தார்கள். 1958, 1977, 1983 இனக்கலவரங்களில் கடையும் முதலும் போய், உடுத்த உடுப்போடு ஊர் திரும்பியவர்கள் பலர். முதலாளியாக இருந்தவர் ஒரே வாரத்தில் அகதியாவது தீவகத்துக்குப் போருக்கு முன்பே தெரிந்திருந்த அனுபவம்.

அக்காலத்தில் இழப்புற்றோருக்கு வழிகாட்டியது நூலோ நிபுணரோ அல்ல, நாட்கணக்கு. செத்தவீட்டில் உலை வைப்பதில்லை. அயலார் சாப்பாடு கொண்டுவருவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்வார்கள். தகனத்துக்குப் பின் சாம்பல் அள்ளும் காடாத்து. எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது வழக்கம். மீனும் இறைச்சியும் அதில் இடம்பெறும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பலருக்கு அது கீரிமலைக் கரையில். பிறகு மாசியம், ஆட்டைத் திவசம். அதன்பின் ஆண்டுதோறும் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பூரணை. கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் திருப்பலி, நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி. தவக்காலத்தில் அவர்கள் பாடியும் வாசித்தும் வரும் வியாகுலப் பிரசங்கம், 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதியது. சொந்த இழப்புக்கு அழமுடியாமல் இறுகியிருப்பவரும் மரியாளின் துயரத்தைச் சாக்காக வைத்து அழுதுவிடலாம்.

பிரெஞ்சு நாட்டார் வழக்காற்றியலாளர் அர்னோல்ட் வான் கென்னெப் 1909இல் வெளியிட்ட நூலில், உலகெங்குமுள்ள வாழ்க்கைச் சடங்குகள் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்று மூன்று கட்டமாக அமைவதைக் காட்டினார். எட்டும் அந்தியேட்டியும் இதற்குள் சரியாக அடங்குகின்றன. இவ்வளவு நாள் அழலாம், இந்த நாளில் வெளியே இறங்கலாம், அதுவரை சுற்றியிருப்பவர்கள் சோறு தருவார்கள் என்பது துயருற்றவர் கையில் தரப்படும் கால அட்டவணை. ஆனால் இந்த முறையைப் பொற்காலமாக்கிப் பேசுவது சரியன்று. மீண்டும் சேர்தல் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மனைவியை இழந்தவர் ஆட்டைத் திவசத்தோடு பழைய ஆளாகிவிடலாம். கணவனை இழந்தவளுக்குக் கலியாணவீட்டில் முன்வரிசை இல்லாமலே போனது. சாதியும் இதே அட்டவணைக்குள் இருந்தது: யார் பறை அடிப்பது, யார் எந்தச் சுடலைக்குப் போவது என்பதையும் அதே மரபுதான் தீர்மானித்தது.

போர் இந்த நாட்கணக்கைக் குலைத்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவகத்தாருக்குப் படகு என்பது ஊருக்கும் உலகுக்கும் நடுவிலுள்ள ஒரே கதவு. அந்தக் கதவிலேயே சாவு நின்றது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியது. 1991 முடிவதற்குள் தீவுப்பகுதி மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் கொழும்புக்கும் சிதறிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியவர்கள் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் இன்னொரு முறை மூட்டை கட்டினார்கள். ஆளற்றுப்போன தீவைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுதியில் பதிவுசெய்தார். அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் பாரிஸ் வாழ்விலிருந்து அதே நிலத்தைத் திரும்பிப் பார்த்தது. இவை ஆறுதல் நூல்கள் என்ற பெயரில் வந்தவையல்ல. எனினும் தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதைப் புலம்பெயர்ந்த வாசகர் அறிந்துகொண்டது இவற்றில்தான்.

மருத்துவத் துறையின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1980களிலிருந்து போரின் உளப்பாதிப்புகளை ஆராய்ந்து வந்தார். 1998இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூலும், தமிழில் வந்த ‘மனவடு’வும் இத்துறையின் அடிப்படை வாசிப்பு. ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றும் வேலையைச் சாந்திகம் நிறுவனம் மேற்கொண்டது. அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைநூலை, சோமசுந்தரமும் சா. சிவயோகனும் 2000ஆம் ஆண்டளவில் ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ என்று ஊருக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். மேல்நாட்டு உதாரணங்களை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பழக்கவழக்கங்களை வைத்த அந்த மாற்றமே அதன் சிறப்பு. தளர்வுப் பயிற்சியும் அவ்வாறே: மூச்சைக் கவனித்தல், சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்குரிய செபம். சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்கு யேசுவின் பெயர். புதிதாக எதையும் கற்பிக்காமல், பாட்டி செய்துவந்ததை மருத்துவமனை திருப்பிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒரு படி மேலே போனது. காயம் தனி மனதில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் உண்டு என்பது அதன் வாதம். கூட்டு மனவடு என்ற சொல்லால் அவர் குறித்தது, ஒருவரை ஒருவர் நம்பாமை, மௌனம், உறவு வலையின் சிதைவு ஆகியவற்றை. 2009 ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1517 வீடுகளில் நடந்து, 2011இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 வீதத்தினரிடமும், பேரிடருக்குப் பிந்திய நெருக்கீடு 7 வீதத்தினரிடமும் இருந்ததாகக் கண்டது. இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடம் இவை கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்கள் கண்ட கொடுமைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. குண்டின் நினைவைவிட அன்றாடக் கவலையும் சோர்வும் பன்மடங்கு பரவியிருந்ததை இந்த எண்களில் காணலாம்.

நாடகமும் மருந்தாயிற்று. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ போர்க்கால மனப்பாதிப்பையே பொருளாகக் கொண்டு 1990களின் தொடக்கத்தில் மேடையேறியது. க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு ஊர்களுக்குப் போய், பார்வையாளரையே பங்காளராக்கியது. சாட்சி சொல்லப் பயந்த காலத்தில், பாத்திரத்தின் வாயால் தன் கதையைச் சொல்ல முடிந்தது.

எந்த நாட்கணக்கும் உதவாத ஓர் இழப்பு உண்டு. காணாமலாக்கப்பட்டவருக்கு எட்டு எப்போது செய்வது? தாலியைக் கழற்றுவதா, விடுவதா? அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதை நிச்சயமற்ற இழப்பு என்று பெயரிட்டு 1999இல் நூலாக்கினார். முடிவு தேடும்படி இவர்களை வற்புறுத்தாமல், உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே நேரத்தில் வாழப் பழகத் துணைபுரிய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வுசெய்த மானுடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்பவர்களிடம் காணாமற்போனோரின் தாய்மார் செல்வதைப் பதிவுசெய்தார். வெளியே கேட்கமுடியாத கேள்வியைக் கோயிலுக்குள் கேட்கலாம். வாக்குச் சொல்பவர் அந்த மகனின் நோவைத் தன் உடலில் ஏற்று அழுவார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அந்தத் தாய்மாருக்கு அன்று திறந்திருந்த வேறு கதவு எது என்று சொல்வதுதான் கடினம். அரசு 2016இல், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்குச் சட்டம் செய்தது. காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் தாள் எதுவும் தேவையில்லை, விடை வேண்டும் என்று கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தெருவோரம் பந்தலிட்டு அமர்ந்த தாய்மார், அந்தப் பந்தலையே ஒருவருக்கொருவர் துணையாகும் இடமாக்கிக்கொண்டார்கள்.

மேலைநாட்டு ஆற்றுப்படுத்தல் இலக்கியம் தமிழ் வாசகருக்கு எவ்வளவு பயன்படும் என்பது தனிக் கேள்வி. ஹோம்ஸ், ரே ஆகிய இருவர் 1967இல் 43 வாழ்க்கை நிகழ்வுகள் தரும் நெருக்கீட்டுக்குப் புள்ளி கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணையின் சாவுக்கு 100, கலியாணத்துக்கு 50, ஓய்வுபெறுதலுக்கு 45, குடியிருப்பு மாறுவதற்கு 20. சாமியறைப் படத்தையும் காணி உறுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறிய தீவகத்தார் இந்த 20ஐப் பார்த்தால் சிரிப்பார்கள். எலிசபெத் கூப்ளர் ரொஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் கண்டவை; பிறகு எல்லா இழப்புக்கும் படிக்கட்டாக்கப்பட்டன. வில்லியம் பிறிட்ஜஸ் 1980இல் எழுதியது இவற்றைவிடப் பொருந்துகிறது. மாற்றம் தொடங்குவது முடிவிலிருந்து, நடுவே பிடிமானமில்லாத ஒரு வெற்றுவெளி உண்டு, அதைத் தாண்டியே தொடக்கம் என்பது அவர் வாதம். ஏறத்தாழ வான் கென்னெப்பின் மூன்று கட்டங்கள்தான். தமிழில் தன்னம்பிக்கை நூல் என்ற வகையைப் பரப்பியவர் எம்.எஸ். உதயமூர்த்தி. அவருடைய ‘எண்ணங்கள்’ ஒரு தலைமுறைக்கு ஊக்கம் தந்தது. அது ஏறத் துடிப்பவருக்கான நூல்; எல்லாம் போனபின் காலையில் எழும்ப வேண்டியவருக்கு அதில் பக்கங்கள் குறைவு.

இன்று தீவகத்தின் பெருமாற்றம் போரல்ல, முதுமை. பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும், பெற்றோர் ஊரில். இந்தப் பிரிவைச் சண்முகலிங்கம் ‘எந்தையும் தாயும்’ நாடகத்தில் முன்னரே பேசிவிட்டார். காசு வருகிறது, கோயில் கோபுரம் எழும்புகிறது, வட்சப்பில் பேரப்பிள்ளையின் முகம் தெரிகிறது. செத்தவீட்டுக்குச் சோறு கொண்டுவரும் அயல்தான் குறைந்துவிட்டது. திருவிழாவுக்கு வந்து போகும் உறவு அதை இட்டுநிரப்பாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டின் உளநலச் சேவை மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் அதன் கீழும் பரவியது உண்மை. ஆனால் தாம்போதி இல்லாத தீவில் வாழும் முதியவருக்கு மாதாந்தக் கிளினிக் என்பதும் ஒரு கடற்பயணம். இருப்பவர்களில் பொருத்தமானவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே செய்யக்கூடியது: ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர், ஆசிரியர், பங்குத்தந்தை, கோயில் ஐயர், இரண்டு தடவை இடம்பெயர்ந்து திரும்பிவந்த ஒரு பெண். கடைசியாகச் சொல்லப்பட்டவரிடம் சான்றிதழ் இராது. ஆற்றுப்படைக்காரனிடமும் இருக்கவில்லை.

உடனடித் துணை வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். அதற்குப் படகு தேவையில்லை.