நகம் தேய்க்கும் பஃபரும் ஏழு சென்டிமீட்டர் பெண்ணும்

ஜப்பானின் ஹசேகாவா நிறுவனம், 1/24 அளவுப் பந்தயக் கார் மாதிரிகளுக்குத் துணையாக, 'பேடக் கேர்ள்ஸ்' என்ற பெண் உருவங்களைத் தனிப் பெட்டியில் விற்றிருக்கிறது. 160 சென்டிமீட்டர் பெண் அந்த அளவில் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. அவள் காரருகே நிற்பதற்கென்று வார்க்கப்பட்டவள், ஓட்டுவதற்கல்ல. ஃபார்முலா ஒன் 2018 பருவத்திலிருந்து இந்த வழக்கத்தைக் கைவிட்டது. பந்தயத் தடத்தில் முடிந்தது கண்ணாடி அலமாரியில் தொடர்கிறது.

இனி அந்த மேசையைப் பாருங்கள். கிளியர் கோட்டைச் சமன்செய்து பளபளப்பாக்கப் பலர் எடுப்பது நகம் தேய்க்கும் பஃபர். காரின் உடலுக்கு நகப்பூச்சையே ஏர்பிரஷ்ஷில் அடிப்பவர்களும் உண்டு. அதன் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரித்துவிடும் என்பதால் முதலில் பிரைமர் அடித்து, பிறகு மெல்லிய பூச்சுகளாக ஏற்றுகிறார்கள். பொறுமையும் கைப்பக்குவமும் வேண்டிய வேலைதான். ஆனால் அதே பூச்சைப் பெண் விரலில் இட்டால் அலங்காரம், ஆண் காரில் அடித்தால் தொழில்நுட்பம்.

நம் பொருட்களை மேசைக்கு எடுத்துக்கொண்ட பொழுதுபோக்கு, நம்மைக் காட்சிப்பொருளாகவே வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைக்க, இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்து மறுபடி ஒட்ட வேண்டும். ரம்பமும் பசையும் நம்மிடமும் இருக்கின்றன.