தேயிலைக் கூடையும் குடும்ப வருவாயும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் திரிங்காப் என்னும் சிற்றூர் உள்ளது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். எட்டத்தில் ஒருபுறம் சுங்கை பாலாஸ், மறுபுறம் புளூவேலி என்னும் தேயிலைத் தோட்டங்கள். கேமரன் மலைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் இத்தகைய தேயிலை நிரைகளிலேயே ஊன்றியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து பெரட்டுக்குப் போவதும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வதும் தோட்ட வாழ்வின் இயல்பாக இருந்தன. ஆண் பொருளீட்ட, பெண் இல்லிருந்து காக்கும் குடும்பம் அங்கும் இருந்தது. ஆனால் அது லயத்தில் இல்லை, கிராணி வீட்டில் இருந்தது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஆராயத்தக்கது.

தமிழ்க் கதையுலகில் குடும்பம் என்றதும் தோன்றும் சித்திரம் ஒற்றை வருவாய்க் குடும்பமே. மாதச் சம்பளத்தைக் கணவன் கொணர்வான். மனைவி அதனைச் சிக்கனமாகச் செலவிடுவாள். தமிழக நடுத்தர வர்க்கத்துக் கதைகளிலிருந்து இச்சித்திரம் திரைப்படத்திற்குச் சென்றது. கடல் கடந்து இங்கும் வந்தது. எழுதியவருள் ஆசிரியர் பலர். அவர்தம் இல்லச் சூழலும் இதற்கு இசைந்ததாகவே இருந்தது. இதனால் தோட்டத்துக் கதைகளிலும் பெண்ணின் உழைப்பு பெரும்பாலும் இரண்டு வகையில்தான் பேசப்பெறுகிறது. ஒன்று, கணவன் குடித்தழிந்ததால் அவளுக்கு நேர்ந்த அவலம். மற்றொன்று, கணவனுக்கு அவள் செய்யும் ஒத்தாசை.

ஒத்தாசை என்ற சொல்லைச் சிறிது நிறுத்தி எடைபோட வேண்டும். 1920களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எளிதிற் சென்றடைய முடியாத பஹாங் உட்பகுதிகளில் அது 58 காசும் 46 காசுமாக இருந்தது. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் இவை குறைக்கப்பட்டன என்பது வேறு செய்தி. இருவரும் ஒருநாள் முழுதும் உழைத்தால் பஹாங்கில் வீட்டுக்கு வருவது 104 காசு. அதில் பெண் ஈட்டியது நூற்றுக்கு 44 பங்குக்கும் சற்று மேல். கூலியில் வேற்றுமை காட்டிய பிறகும் இவ்வளவு. இதனை ஒத்தாசை என்று எழுதும் எழுத்தாளருக்குக் கணக்கு வாராது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) தேயிலைத் தோட்டம் பற்றிய தொடக்ககாலக் கதைகளுள் குறிப்பிடத்தக்கது. கணவன் வெள்ளையன் சிறைப்பட, மருதி இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாகச் செல்கிறாள். கதையின் ஆற்றலை எவரும் மறுக்கவியலாது. எனினும், அதைப் படிப்போர் நெஞ்சில் மருதி துன்புற்றவளாக நிலைக்கிறாளேயன்றி உழைத்து ஈட்டியவளாக நிலைப்பதில்லை. ஆண் இல்லாத இடத்தில்தான் பெண்ணின் உழைப்பு கதைக்குரிய பொருளாகிறது போலும்!

பி. எச். டேனியல் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவல் இதற்கு மாறானது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். இரா. முருகவேள் இதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் முன்பணம் பெற்றுக் கணவன் மனைவியராகவே மலையேறுகின்றனர். இருவருமே வேலை செய்கின்றனர். இருவர் உழைத்தும் கடன் தீர்வதில்லை. நாவலின் கொடுமை முழுவதும் இவ்வொரு கணக்கில் அடங்கியுள்ளது. ஒருவர் உழைப்பால் வாழ முடியாதது வறுமை. இருவர் உழைத்தும் மீள முடியாதது அமைப்பின் சூழ்ச்சி. இவ்வேறுபாட்டை டேனியல் கண்டார்.

இந்நாவலைத் தழுவி 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ படத்தில் நாயகன் மட்டுமே தோட்டத்துக்குப் போகிறான். நாயகி ஊரில் காத்திருக்கிறாள். தோட்டத்தில் உழைக்கும் பெண்கள் படத்தில் இல்லாமலில்லை. ஆயினும், சேர்ந்து பொருளீட்டிய இணை, ஈட்டச் சென்ற ஆணும் ஏங்கியிருக்கும் பெண்ணுமாக மாற்றப்பட்டது. பிரிவுத்துயர் காட்சிக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் மூலத்தின் முதுகெலும்பாகிய கூட்டுக் கணக்கு அதனால் மறைந்து போயிற்று.

இதற்குப் பழந்தமிழ் மரபைச் சான்று காட்டுவோர் உளர். ஆடவர்க்கு வினை உயிர், மனையுறை மகளிர்க்கு ஆடவரே உயிர் என்னும் கருத்துடைய குறுந்தொகை 135ஆம் பாட்டு உடனே நினைவுக்கு வரும். அது பாலைத்திணைச் சூழலில் தோழி கூறும் ஆறுதல். குடும்பப் பொருளியலுக்கு வகுத்த சட்டம் அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளோ மோர் விற்றுப் பெற்ற தானியத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன்னை ஏலாமல் எருமை வாங்குகிறாள். முதலீடு அறிந்த குடும்பத்தலைவி அவள். மரபு பேசும் மேடைகளில் அவளை ஏனோ அழைப்பதில்லை.

இது இலக்கியச் சுவை பற்றிய சிறு பூசல் என்று ஒதுக்கற்பாலதன்று. ஒரு வீட்டில் ஈட்டுவோர் எத்தனை பேர் என்ற கேள்வி கூலியையே தீர்மானித்த வரலாறு உண்டு. 1957இல் இந்தியாவில் கூடிய 15ஆம் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி ஒரு தொழிலாளியின் வருவாயில் மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்கவேண்டும். பெண்டிர், பிள்ளைகள் வருவாயைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது. தேயிலைத் தோட்ட முதலாளிகள் இதனை ஏற்கவில்லை. எங்கள் தோட்டத்தில் குடும்பமே வேலை செய்கிறது என்று வாதிட்டனர். அங்குக் கணக்கு ஒன்றரை அலகாயிற்று. கதாசிரியர் கண்ணுக்குத் தெரியாத பெண்ணுழைப்பு முதலாளியின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. கூலியைக் குறைப்பதற்குக் காரணமாக!

இன்று கேமரன் மலையில் கொழுந்தெடுக்கும் பணியில் கத்திரியும் பொறியும் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. லயத்தை விட்டிறங்கிய குடும்பங்களுக்கு ஆயாக்கொட்டகை இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் கிடைக்கும் விடை, தாய் வேலையை விடுவதே. மலேசியாவில் வேலையிலோ வேலை தேடியோ இருக்கும் பெண்கள் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர். ஆண்கள் 80க்கும் மேல். பெண்களின் பங்கு இருபதுகளின் பிற்பகுதியில் உச்சம் தொட்டுப் பின் இறங்குகிறது. இறங்கியது மீண்டும் ஏறுவதில்லை. பாட்டி ஈட்டினாள், பேத்தி வீட்டிலிருக்கிறாள் என்ற இந்நிலையை முன்னேற்றம் என்பதா, இழப்பு என்பதா? லயத்திலிருந்து கிராணி வீட்டுக்கு ஏறியதாக ஊர் மகிழ்கிறது. கடைக்காரரின் கணக்குப் புத்தகம் வேறு சொல்லக்கூடும்.

இந்தத் தலைமுறை மாற்றத்தைப் பொருளாகக் கொண்ட நாவல் எழுதப்பெறின், அதன் ஆசிரியர் பழைய தோட்டத்துச் செக்ரோலிலிருந்து தொடங்கலாம். அதில் கணவனுக்கு ஒரு வரி, மனைவிக்கு ஒரு வரி. அவள் பெயரின் நேரே அவள் வேலை செய்த நாட்கள், அவள் பெற்ற கூலி.