மின்கிதாரில் ஒரு பழங்கதை
(ஹார்ஸ்லிப்ஸ் குழுவின் இசை பற்றி ஒரு மதிப்பீடு)

சென்ற பொங்கல் விழாவுக்கு முன் கூடிய நம் சங்கச் செயற்குழுவில் எழுந்த சிறு பூசல் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். நம் பிள்ளைகள் நால்வர் காவடிச்சிந்து ஒன்றை மின்கிதாரும் டிரம்ஸும் கொண்டு மேடையேற்ற இசைவு கேட்டனர். கூடாது என்று கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். "கலப்பது எளிது, கலந்தபின் பிரிப்பது அரிது" என்று நான் அன்று சொன்னது கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது. பாலுசாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவரவில்லையா, முத்துசாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளுக்கு நோட்டுசுர சாகித்தியம் செய்யவில்லையா என்று மூத்தவர் ஒருவரே எனக்கு மறுமொழி தந்தார். அப்போது எனக்கு விடை தோன்றவில்லை. பிறகு எண்ணிப் பார்த்ததில், நான் சொன்னது பாதி உண்மை என்று பட்டது. மற்றப் பாதி எதுவென்பதை, நமக்குத் தொலைவான ஒரு நாட்டின் இசையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷில்லாங்கில் எழுத்தராகப் பணியாற்றிய காலத்தில், மேலை இசையில் பித்துக் கொண்ட அலுவலக நண்பர் ஒருவர் எனக்கு ஓர் ஒலிநாடாவைத் தந்தார். அங்கே மழைக்கால மாலைகளில் வெளியே செல்வது அரிதாகையால் அதனைப் பலமுறை கேட்டேன். முதலில் வெறும் இரைச்சலாகவே பட்டது. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, இரைச்சலுக்கு அடியில் மிகப் பழையதொரு நடை ஓடுவது செவிக்குப் புலப்பட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹார்ஸ்லிப்ஸ் என்னும் குழுவின் இசை அது.

இக்குழு 1970இல் டப்ளின் நகரில் தோன்றியது. தோன்றிய வரலாறு சற்று நகைப்புக்குரியது. விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் சிலர், பீர் விளம்பரம் ஒன்றில் இசைக்குழுவினராக நடிக்க நேர்ந்தது. நடித்தவர்கள், உண்மையாகவே வாசித்தால் என்ன என்று எண்ணினர். விவிலியம் கூறும் ஊழிக்காலக் குதிரைவீரர் நால்வரின் பெயரைக் குறும்பாகப் புரட்டிப்போட்டதில் 'ஹார்ஸ்லிப்ஸ்' என்ற பெயர் பிறந்தது. பாரி டெவ்லின், ஜிம் லாக்ஹார்ட், ஏமன் கார், சார்லஸ் ஓகானர், சற்றுப் பிந்திச் சேர்ந்த கிதார் கலைஞர் ஜானி ஃபீன் ஆகிய ஐவரே இறுதிவரை நின்றவர்கள். இவர்களுள் பிடில் வாசித்த ஓகானர் இங்கிலாந்தில் பிறந்தவர். மரபின் உரிமையைப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு அளப்போர் இதனைக் கருதுக.

அந்நாளைய அயர்லாந்தில் இசை இருவேறு கூடங்களில் அடைபட்டுக் கிடந்தது. ஒருபுறம் ஆடலரங்குகள். அங்கே 'ஷோபேண்ட்' எனப்பட்ட சீருடைக் குழுக்கள் அமெரிக்க, ஆங்கிலப் பாடல்களை அப்படியே படியெடுத்து வாசித்தன. மறுபுறம் கச்சேரி மேடை. ஷான் ஓ ரியாடா என்னும் இசையமைப்பாளர் 1960களின் தொடக்கத்தில் நாட்டுப்புறக் கலைஞரை ஒன்றுசேர்த்து, அமர்ந்து கேட்டற்குரிய பெருமையை மரபிசைக்குத் தேடித் தந்தார். 1971இல் அவர் மறைந்தார். அவருடைய பணி பெரிது. ஆயினும் அதில் ஓர் இழப்பும் இருந்தது. ரீல், ஜிக் எனப்படும் அம்மெட்டுகள் ஆடுதற்கென்றே பிறந்தவை. நான்கு நான்காக ஓடுவது ரீல். மும்மூன்றாகத் துள்ளுவது ஜிக். காவடிச்சிந்தின் திசிர நடையில் பழகிய செவிக்கு ஜிக் அயலாகத் தோன்றாது. ஆடற்பாட்டை நாற்காலியில் அமர்த்தி வைத்தால் அதற்கு மதிப்பு வரும், கால் போய்விடும். ஹார்ஸ்லிப்ஸ் செய்த முதற்காரியம், அம்மெட்டுகளை ஆடலரங்குக்கே திருப்பி அழைத்துச் சென்றது.

1972இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் உறை, கான்செர்ட்டினா என்னும் கைத்துருத்திப் பெட்டியின் வடிவில் எண்கோணமாக வெட்டப்பட்டிருந்தது. உறையில் காட்டிய துணிவு உள்ளே முழுதும் இல்லை. மரபு மெட்டும் ராக் இசையும் ஒரே திண்ணையில் அமர்ந்த இரு விருந்தினரைப்போல் மாறி மாறிப் பேசுகின்றன, ஒருவரோடொருவர் பேசவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 'தி டாயின்' அவ்வாறன்று. டப்ளினின் அபே நாடக அரங்குக்கென எண்ணப்பட்ட இசையிலிருந்து வளர்ந்தது அது. பழைய ஐரிஷ் மொழியின் தலையாய வீரகதையே அதன் பொருள். கொனாக்ட் நாட்டு அரசி மேவ், தன் கணவனோடு செல்வத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறாள். எல்லாம் சமம், அவனிடம் உள்ள வெண்கொம்புக் காளைக்கு ஈடான காளை மட்டும் அவளிடம் இல்லை. அல்ஸ்டர் நாட்டுக் கூலி என்னும் இடத்துப் பழுப்பு நிறக் காளையைக் கவரப் படை எழுகிறது. அல்ஸ்டர் வீரர் சாபத்தால் கிடையாய்க் கிடக்க, கூ குலின் என்னும் இளைஞன் தனியனாய் நின்று ஆற்றுத்துறையைக் காக்கிறான். உடன் வளர்ந்த ஃபெர்தியாவையே எதிர்த்துக் கொல்ல நேர்கிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சியும் கரந்தையுமாக இலக்கணம் கண்ட நமக்கு இக்கதையின் சுவையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. உரையும் பாட்டும் விரவி வருதலும் நமக்குப் பழகிய நெறியே.

இத்தட்டின் புகழ்பெற்ற பாடல் 'ஜாரக் டூம்'. ஜாரக் என்பது ஐரிஷ் மொழியில் சிவப்பு; டூம் என்பது ஆங்கிலத்தில் அழிவு. தலைப்பிலேயே இரு மொழியும் கைகோத்து நிற்கின்றன. 'ஓநீலின் அணிநடை' என்னும் பழைய மெட்டை ஜானி ஃபீனின் கிதார் எடுத்துக்கொள்கிறது. அம்மெட்டு பாட்டின் இடையிலே ஒட்டிய சரிகை அன்று, அதுவே தறி. சொல்லும் தாளமும் அதன்மேல்தான் நெய்யப்படுகின்றன. மெட்டை உருவிவிட்டால் பாட்டே இல்லை. கலப்பிசையை மதிப்பிட எனக்குக் கிடைத்த உரைகல் இதுதான்: பழையதை எடுத்துவிட்டால் புதியது நிற்கிறதா? நின்றால் அது கலப்பன்று, ஒட்டு. 1975இல் இவர்களே வெளியிட்ட 'தி அன்ஃபார்ச்சுனேட் கப் ஆஃப் டீ' என்னும் தட்டை இவ்வாறு உரைத்துப் பார்த்தால் பெரும்பாலான பாடல்கள் மரபின் துணையின்றியே நின்றுவிடுகின்றன. நின்றுவிட்டு, யாரும் பாடக்கூடிய பாடல்களாகவும் ஆகிவிடுகின்றன.

இக்கலப்பு எவ்வாறு பொருந்திற்று என்பதற்கு இசையிலேயே ஒரு காரணம் உண்டு. ஐரிஷ் மரபிசை அடிப்படையில் நம் இசையைப்போல ஒற்றை மெட்டாக ஓடுவது; பல சுரங்களை அடுக்கி இயைக்கும் ஐரோப்பிய முறை அதற்குப் பிற்காலத்து வரவு. அம்மெட்டுகள் பல, நம் அரிகாம்போதி, கரகரப்பிரியா ஆகியவற்றின் சுர அமைப்பில் அமைந்தவை. அவற்றின் அடியில் முழுமையான ஐரோப்பிய சுர அடுக்கை வைத்தால் மெட்டு நெளியும். ஆனால் ராக் கிதார் கலைஞர் உரத்த ஒலியில் வாசிக்கையில் காந்தாரத்தை விட்டுவிட்டு ச, ப இரண்டையுமே ஒலிப்பது வழக்கம். அது ஏறத்தாழத் தம்பூரா செய்யும் தொழில். முழங்கையால் காற்றூட்டும் ஐரிஷ் துருத்திக்குழலின் சுருதியும் அத்தகையதே. ஆகவே மின்கிதார் இம்மெட்டுகளுக்கு நாம் நினைக்குமளவு அன்னியமாக இல்லை. பியானோவே அதைவிட அன்னியம் என்பேன்.

எனினும், மரபாளர் இவர்கள்மீது சுமத்திய குற்றத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பிடிலிலும் குழலிலும் ஒரு சுரத்தைச் சுற்றிச் சிறு சுழிப்புகளும் வெட்டுகளும் வரும். நாம் கமகம் என்போமே, அதன் உறவினர் அவை. ஒரு கலைஞரை மற்றொருவரிடமிருந்தும், ஒரு வட்டாரத்தை அடுத்த வட்டாரத்திடமிருந்தும் வேறுபடுத்திக் காட்டுவன அவையே. டிரம்ஸின் முழக்கத்தில் அந்நுணுக்கங்கள் தேய்ந்து, மெட்டின் எலும்பு மட்டும் எஞ்சுகிறது. 'தி டாயின்' தட்டிலும் இவ்விழப்பு உண்டு. நான் அதனை மறைக்க விரும்பவில்லை. குழுவினரும் அதனை அறிந்திருந்தனர் என்பதற்கு 1975இன் குளிர்காலத்தில் வெளியிட்ட 'டிரைவ் த கோல்ட் வின்டர் அவே' சான்று. மின்கருவிகளைத் தவிர்த்து, பழைய மெட்டுகளைப் பழைய கருவிகளிலேயே அதில் வாசித்தனர். ஒரே ஆண்டில் தங்கள் மெலிந்த தட்டையும் இந்த அமைதியான தட்டையும் தந்தது வியப்பே.

அந்த அமைதியின் பயன் 1976இல் தெரிந்தது. ஷில்லாங்கில் நான் கேட்ட 'தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' அவ்வாண்டில் வந்தது. அயர்லாந்தை அடுத்தடுத்து வென்று குடியேறிய இனங்களைப் பற்றிய புராண நூலே அதற்கு மூலம். தாக்தா என்னும் தெய்வம் தன் யாழில் மூவகை இசையெழுப்பிப் பகைவரை அழவும் சிரிக்கவும் உறங்கவும் செய்தது என்பது பழங்கதை. மகிழ்ச்சிக்குக் கியான்ட்ரி, துயருக்குக் கோல்ட்ரி, துயிலுக்குச் சுவான்ட்ரி. இம்மூன்றையும் மூன்று பகுதிகளாக வைத்தே தட்டு முழுவதும் அமைக்கப்பட்டது. 1014இல் கிளான்டார்ஃப் போரில் மாண்ட பிரையன் போருவின் பெயரால் வழங்கும் அணிநடை மெட்டு, இதிலுள்ள 'டிரபிள்' என்னும் பாட்டின் முதுகெலும்பு. பிடிலும் கிதாரும் ஒன்றையொன்று துரத்தாமல் ஒரே மூச்சில் செல்கின்றன. முதல் தட்டில் பேசாதிருந்த விருந்தினர் இருவரும் இங்கே உறவினராகிவிட்டனர். புதிய இனம் நிலத்தை வென்றபின், பழைய தெய்வ இனம் மலைகளின் அடியில் உள்ள உலகுக்குச் சென்று மறைந்தது என்று அப்புராணம் கூறும். தோற்றவர் அழியவில்லை, அடியில் வாழ்கின்றனர் என்ற எண்ணம், அடியிலே பழைய மெட்டு ஓடும் இவ்விசைக்கு எத்துணைப் பொருத்தம்!

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். முதல் தட்டில் ஐரிஷ் மொழிப் பாடல்கள் சில இருந்தன. பின்னர் வந்தவற்றில் ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலம். ஆயின் அது குழுவின் குற்றம் மட்டுமன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஐரிஷ் மொழியைக் கைவிட்டிருந்தனர். மொழி போன வீட்டிலும் மெட்டு மட்டும் தங்கியிருந்தது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமலே தாலாட்டை முணுமுணுக்கும் பிள்ளைகள் நம்மிடையே இல்லையா?

இவ்வெண்ணத்தோடுதான் 1977இன் 'ஏலியன்ஸ்', 1978இன் 'தி மேன் ஹூ பில்ட் அமெரிக்கா' ஆகிய இரண்டையும் நான் கேட்டேன். இரண்டின் பொருளும் புலம்பெயர்வு. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து ஏற்பட்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்கள் அமெரிக்காவில் அன்னியராய் வாழ்ந்த வாழ்க்கையே பாட்டாகிறது. 'ஏலியன்ஸில்' பழைய மெட்டு இடையிடையே தலைகாட்டி மறைகிறது. அடுத்த தட்டில் அது மிகவும் மெலிந்து, அமெரிக்க ராக் இசையே மேலோங்குகிறது. அமெரிக்கச் சந்தைக்காகத் தங்களை விற்றுவிட்டனர் என்று இதனைப் பழிப்போர் உண்டு. என் உரைகல்லும் இத்தட்டுக்குச் சாதகமாக இல்லை. எனினும் பழிக்க மனம் வரவில்லை. கப்பலேறியவன் பேரனிடம் எஞ்சுவது இவ்வளவுதான் என்பதை இசையே சொல்லிவிடுகிறதே! பொருளுக்கு உண்மையாக நின்றதனால் கலையில் தாழ்ந்த படைப்பு என்று இதனைக் கூறலாம். சொந்த ஊரை விட்டு 20 ஆண்டு கடந்த எனக்கு, குழுவின் சிறந்த தட்டைவிட இதனைக் கேட்பதே கடினமாக இருக்கிறது.

அவர்கள் வாழ்ந்த காலமும் கொடியது. 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் குழுவின் வண்டி வழிமறிக்கப்பட்டு, கலைஞர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னும் ஹார்ஸ்லிப்ஸ் வட அயர்லாந்தில் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவர்களின் இறுதி நிகழ்ச்சியும் 1980 அக்டோபரில் பெல்ஃபாஸ்டு நகரின் அல்ஸ்டர் மண்டபத்திலேயே நடந்தது. அதனுடன் குழு கலைந்தது. பத்து ஆண்டு கழித்து, அயர்லாந்து முதன்முறையாக 1990இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சென்றபோது, அந்த அணிக்கென உருவான பாட்டில் 'ஜாரக் டூம்' பாட்டின் கிதார் இசை எடுத்தாளப்பட்டது. பழைய அணிநடை மெட்டு, அணிநடையாகவே மக்களிடம் திரும்பிற்று. அது எவருடைய மெட்டு என்று கால்பந்துத் திடலில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நம் செயற்குழு அந்நால்வரிடம் கேட்டிருக்கவேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை என்று இப்போது உணர்கிறேன். கிதாரை வைத்துவிட்டு, அந்தச் சிந்தை முதலில் வெறுங்குரலில் பாடிக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பாடியிருந்தால் என் கை கீழேயே இருந்திருக்கும். அடுத்த விழாவுக்கு அவர்கள் மீண்டும் விண்ணப்பித்தால் அதையே கேட்பேன்.

ஹார்ஸ்லிப்ஸ் தங்களுக்குத் தாமே இத்தேர்வை வைத்துக்கொண்டனர். கலைந்து 24 ஆண்டு கழித்து, 2004இல் ஐவரும் கூடி 'ரோல் பேக்' என்ற தட்டை வெளியிட்டனர். புதுப்பாடல் தேடாமல், மின்கிதாரில் முழங்கிய தங்கள் பழைய பாடல்களையே மின்னொலியின்றி மெல்ல வாசித்தனர். ஜானி ஃபீன் 2023இல் காலமானார். மரக்கிதாரில் அவர் விரல் பட்ட அத்தட்டை, குழுவை அறியாதவர் முதலில் கேட்டால், இவை நூறாண்டுப் பழைய பாடல்கள் என்றே எண்ணுவர்.