திசையற்ற நீரில் மூவர்

வாழ்வில் வழி தெரியாது தவிப்போரை இறைவன் கைவிடார், அவரே வழிகாட்டுவார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறையுரை மேடையில் நின்று சொல்வது இன்னும் எளிது. ஆனால் முத்துக்குளித்துறை மக்களுக்கு வழி தவறுதல் என்பது உருவகம் அன்று. கரை மறைந்து, விண்மீனும் மறைந்து, நீவாடு எப்பக்கம் இழுக்கிறதென்று தெரியாத இரவை அவர்கள் உடலால் அறிவார்கள். அவர்கள் முன்னிலையில் இறைப் பராமரிப்பைப் பற்றிப் பேசும் எவரும் சொற்களை அளந்தே பேசவேண்டும். அவ்வாறு அளந்து பேசிய தமிழ் நூல் ஒன்றை இங்கு ஆராய விழைகிறேன்.

உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' 2004-இல் தமிழினி வெளியீடாக வந்தது. ஆமந்துறை என்னும் பரதவர் சிற்றூரின் கதை. 1930-களில் தொடங்கி 1985 வரை நீள்வது. இத்தனை பெரிய கதைக்கு ஆசிரியர் அமைத்துக்கொண்ட சட்டகம் மிகச் சிறியது. மரம் உடைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூவர்: கோத்ராப் பிள்ளை, சூசை, இளைஞன் சிலுவை. ஊரின் வரலாறு விரிய விரிய, நாவல் திரும்பத் திரும்ப இந்த மூவரிடம் வந்து நிற்கிறது. நூலின் தலைப்புத் தொடரே, கம்பனில், இராமனைக் காட்டுக்கு அனுப்பும் கைகேயியின் வாயில் வருவது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

நம்மவருள் சிலர் இந்நூலை விரும்புவதில்லை. நம் ஊர்ச் சண்டைகளையும் தகாத உறவுகளையும் அம்பலப்படுத்திவிட்டது என்பது அவர்கள் குறை. தாவீதின் பாவத்தை மறைக்காத திருநூலைக் கையில் வைத்திருக்கும் நாம் இக்குறையைச் சொல்லலாகாது. அதை இவ்வளவில் விடுகிறேன்.

என் கேள்வி வேறு. அந்த நீரில் கடவுள் எங்கே இருக்கிறார்? பக்திக் கதைகளில் பழகிய நாம், அலைமேல் பனிமய மாதா தோன்றிக் கரையைச் சுட்டிக்காட்டும் காட்சியை எதிர்பார்ப்போம். நாவலாசிரியர் அத்தகைய காட்சி எதையும் தரவில்லை. இதை விசுவாசக் குறைவு என்பார் உளர். அவர்கள் திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும்.

பவுலடியார் ஏறிய கப்பல் வடகிழக்குப் பெருங்காற்றில் சிக்குகிறது. பல நாள்கள் கதிரவனும் இல்லை, விண்மீன்களும் இல்லை. உயிர் பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போகிறது. வானதூதர் பவுலுக்குத் தோன்றுவது உண்மைதான். ஆயினும் அவர் திசையைச் சொல்லவில்லை. உயிர்கள் காக்கப்படும் என்ற உறுதி கிடைக்கிறது. கப்பல் ஏதோ ஒரு தீவில் மோதும், எந்தத் தீவு என்பது தெரியாது. மற்றவை அனைத்தும் மனிதர் செய்தவை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். முதலில் இருபது பாகம், பின்பு பதினைந்து பாகம். பாறையில் மோதுவோமோ என அஞ்சிப் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் எனக் காத்துக் கிடக்கிறார்கள். நம் கரையின் மூத்த மீனவர் எவருக்கும் இப்பகுதியில் ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாது.

அங்கே பவுல் தரும் கட்டளையைக் கவனியுங்கள். கப்பலோட்டிகள் சிறு படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்கிறார் பவுல்; படைவீரர் படகின் கயிற்றை அறுத்துவிடுகின்றனர். 276 பேர் அன்றிரவு பெற்ற வழிகாட்டுதல் எது? ஒருவரையொருவர் விட்டு நீங்காதிருத்தலே அது என்று எனக்குப் படுகிறது.

ஆமந்துறை மூவரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒருபடி மேலேயும் செல்கிறார்கள். முதியவர் இருவரும் இளைஞன் பிழைக்கத் தம்மையே கொடுக்கிறார்கள். பெயர்களை ஆசிரியர் திட்டமிட்டு இட்டாரோ, கரைவழக்கில் இயல்பாக அமைந்தனவோ, சூசையின் கையில் சிலுவை இருக்கிறது! தேம்பாவணியில் வீரமாமுனிவர் வளன் என்று பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கிய அதே சூசையப்பரின் பெயர் இது. நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவருக்குக் கனவுகள் வந்தன. ஒவ்வொரு கனவும் அடுத்த அடிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆமந்துறைச் சூசைக்கு அந்தக் கனவும் வாய்க்கவில்லை. அதிலும் அவர் குறையற்ற மனிதருமல்லர். ஆயினும் தன்னிடம் விடப்பட்ட பிள்ளையை அவர் கைவிடவில்லை.

புனித நியூமன் 1833-இல், சிசிலியில் நோயுற்றுத் தேறித் தாய்நாடு திரும்புகையில், ஆரஞ்சுப் பழம் ஏற்றிய கப்பலொன்றில், கோர்சிக்காவுக்கும் சார்தீனியாவுக்கும் இடையே காற்றின்றி ஒரு வாரம் முடங்கிக் கிடந்தபோதுதான் ஒளியிடம் வழிகேட்கும் தம் புகழ்பெற்ற பாடலை எழுதினார். அப்பாடலை நான் பெரிதும் மதிப்பவன். எனினும் அவருக்குக் காற்றுதான் இல்லை, காலடியில் கப்பல் இருந்தது. கப்பலே இல்லாதவனின் செபத்தை ஆமந்துறைக் கதையில்தான் நான் கண்டேன்.

நூலில் குறைகள் இல்லாமலில்லை. மாந்தர் கூட்டம் மிகுதி. யார் யாருக்கு உறவு என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு படிக்க நேர்கிறது. சாவுகள் அடுத்தடுத்து வருவதால் துக்கம் கொண்டாட வாசகனுக்கு நேரமில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள இயலாத கேள்வி ஒன்றை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம்முன் வைத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து சென்ற எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிட்டவில்லை. அவர்களும் செபித்தவர்களே. கரை சேர்ந்ததை வைத்தே இறைவனின் வழிகாட்டுதலை அளப்போமானால், அவர்கள் வழி தவறவிடப்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள், கோத்ராவும் சூசையுங்கூட. அப்படிச் சொல்ல இந்நாவல் நம்மை விடுவதில்லை. ஆனால் ஏன் அவர்கள் திரும்பவில்லை என்பதற்கு அது விடையும் தருவதில்லை. இதை நான் நூலின் நேர்மை என்பேன். காணாமற்போனவரின் மனைவியிடம் விடைகளோடு செல்லும் குருக்களைவிட, இந்த மௌனம் மேலானது.

அன்பியக் கூட்டங்களில் இந்நூலின் கடற்பகுதிகளை மட்டும் தனியே எடுத்து உரக்கப் படிக்கலாம். நெய்தல் மொழி கடினம் என்று வெளியூர் வாசகர் சொல்வதுண்டு. நம் பெரியவர்கள் வாயில் அது தடையின்றி வரும். படிப்பவர் ஒருமுறையேனும் கடலுக்குப் போனவராக இருப்பின் மிக நன்று.