வட்டத்தில் பிறந்த நேர்கோடு

ஒரு பெரிய வட்டம். அதன் உள்விளிம்பைத் தொட்டபடி, சரியாகப் பாதி விட்டமுள்ள ஒரு சின்ன வட்டம். சின்னதை நழுவவிடாமல் உள்ளேயே உருட்டிக்கொண்டு போனால், அதன் பரிதியில் குறித்துவைத்த புள்ளி எந்தப் பாதையில் போகும்? சுருள் சுருளாக ஏதாவது வரையும் என்றுதான் மனம் சொல்லும். அந்தப் புள்ளியோ பெரிய வட்டத்தின் விட்டத்தின் மேல் நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், நேராகவே திரும்பி வருகிறது. பள்ளிக்கூட வடிவகணிதமே இதை நிரூபிக்கப் போதும். நிரூபணம் தெரிந்த பிறகும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இதைக் கண்டவர் நசீருத்தீன் தூசி. 1201இல் குராசானின் தூஸ் நகரில் பிறந்த பாரசீகர். இப்னு சீனாவுக்கு உரை கண்ட தத்துவவாதி, அறநூல் ஆசிரியர், வானியலாளர்.

இந்தப் படம் விளையாட்டுக்குப் பிறந்ததல்ல. வானத்துப் பொருள்கள் வட்டத்தில், மாறாத வேகத்தில்தான் சுழலும் என்பது கிரேக்கர் வகுத்த விதி. கோள்களோ ஓரிடத்தில் விரைகின்றன, வேறிடத்தில் தயங்குகின்றன. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி ஓர் உபாயம் செய்தார்: சுழலும் வட்டத்துக்கு ஒரு மையம், அதன் வேகம் சீராகத் தெரிவதற்கு இன்னொரு புள்ளி. கணக்கு ஒத்துவந்தது. கோள்நிலை கணிப்பவர்களுக்கு அது போதும், தூசிக்குப் போதவில்லை. தன் மையத்தைச் சீராகச் சுற்றாத ஒன்றைச் சீராகச் சுற்றுகிறது என்று எப்படிச் சொல்வது? இந்தக் குறையை 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்ஹைதம் எழுதிவிட்டார். ஆனால் குறை சொல்வது பாதி வேலைதான். விடை சரியாக வருகிறதே என்று வழியை மன்னித்துவிடாத பிடிவாதம் தூசியிடம் இருந்தது. நான் அவரை ரசிப்பதே அதற்காக.

கோளின் தூரம் ஒரு கோட்டின் மேல் நீளவும் குறுகவும் வேண்டும். கையில் இருப்பதோ வட்டங்கள் மட்டும். பெரியது ஒரு திசையில் சுழல, சின்னது எதிர்த்திசையில் இருமடங்கு வேகத்தில் சுழலட்டும் என்றார். இரண்டும் சீரான சுழற்சி, விதி மீறப்படவில்லை, கோடு கிடைத்துவிட்டது. நேர் இயக்கம் மண்ணுக்கு, வட்ட இயக்கம் விண்ணுக்கு என்று அரிஸ்டாட்டில் எழுப்பிய சுவரில் இந்தச் சின்னப் படம் ஓட்டை போட்டது. அதன் முதிர்ந்த வடிவம் 1261இல் எழுதிய ‘தத்கிரா’ என்ற வானியல் நூலில் இருக்கிறது.

படத்தில் காட்டிய கண்டிப்பை அவர் அரசியலில் காட்டவில்லை. இஸ்மாயிலிகளின் ஆதரவில் எழுதிய அறநூலுக்கு, மங்கோலியர் வென்ற பிறகு, முன்னுரையை மாற்றி எழுதினார். 1256இல் இஸ்மாயிலிகளின் கோட்டையான அலமூத் வீழ்ந்ததும், வென்ற மங்கோலியத் தலைவன் ஹுலாகுவிடமே சேர்ந்தார். 1259இல் மராகாவில் வான் ஆய்வுக்கூடம் எழுந்தது. கோள்களை முறையாகக் கவனிக்க 30 ஆண்டுகள் வேண்டும் என்று தூசி கேட்டார். சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஹுலாகு கொடுத்தது 12. நட்சத்திரம் பார்ப்பதால் என்ன லாபம் என்று அவன் கேட்டபோது, தூசி மேலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை உருட்டிவிடச் செய்ததாக ஒரு கதை உண்டு. சத்தம் கேட்டுப் படை கலங்கியது, விஷயம் தெரிந்த இருவர் மட்டும் அசையவில்லை. உண்மையோ இல்லையோ, மனிதருக்குப் பொருந்துகிற கதை. கோள் அட்டவணைகள் 1272இல் முடிந்தன. அதைப் பார்க்க ஹுலாகு இல்லை.

1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலிலும் இதே இரட்டை வட்டம் வருகிறது. அவருக்கு அது எந்த வழியாகக் கிடைத்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிறகு கெப்ளர் வந்து கோள்களின் பாதை நீள்வட்டம் என்றார். தூசி அவ்வளவு பாடுபட்டுக் காத்த விதியே போயிற்று. படத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

தூசியின் காலத்துக்கே திரும்பினால், சந்திரனுக்கும் வெளிக்கோள்களுக்கும் அவருடைய இரட்டை வட்டம் ஒத்துவந்தது. புதன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. தீர்வு இன்னும் கிட்டவில்லை என்று ‘தத்கிரா’விலேயே எழுதிவைத்தார் தூசி. அவர் மாணவர் குத்புத்தீன் ஷீராஸி புதனை எடுத்துக்கொண்டார்.