எந்த இடத்துல திட்டினான்?

சட்டமும் ஒரு பிரதிதான். அதையும் நாம வரிவரியா வாசிச்சாகணும்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு தொடர் இருக்கிறது: 'பொதுமக்கள் பார்வையில் படும் எந்த இடத்திலும்'. ஒரு தலித்தைச் சாதிப்பேர் சொல்லித் திட்டினால் மட்டும் போதாது. அது நாலு பேர் பார்வையில் நடந்திருக்கணும். எழுதியவர்கள் மனசில் தெருவும் டீக்கடையும் வயக்காடும்தான் இருந்திருக்கும். இன்றைக்கு வசவு கைப்பேசியில் வருது. கைப்பேசி தெருவா, வீடா?

2008இல் உச்ச நீதிமன்றம் பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு என்றது. வீட்டு வாசலில் திட்டினாலும் தெருவில் போகிறவன் பார்த்தால் குற்றம். வீட்டுக்குள்ளே என்றால் வெளியாள் இருக்கணும். சொந்தக்காரரும் சிநேகிதரும் மட்டும் இருந்தால் ஆகாது. 2020 தீர்ப்பும் இதே வழியில் போய், நாலு சுவருக்குள் நடந்ததைக் குற்றத்திலிருந்து விலக்கியது.

2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் வேறு மாதிரி வாசித்தது. யூடியூபில் ஒரு பழங்குடிப் பெண்ணை இழிவுபடுத்திய வழக்கு அது. இணையத்தில் ஏற்றியதை ஒருவர் திறந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவர் அங்கே இருப்பதாகத்தான் கொள்ளவேண்டும் என்று சொல்லி முன்ஜாமீனை மறுத்தது. நல்ல வாசிப்பு.

ஆனா வாட்ஸ்அப் குழு? ஊர்க்காரன் மட்டும், அதுவும் ஒரே சாதிக்காரன் மட்டும் இருக்கிற குழுவில் நம்மைத் திட்டுறான். 'எல்லாம் எங்க சொந்தபந்தம்தான், வெளியாள் யாருமில்லை' என்று வக்கீல் எழுந்து நிற்பார். அகமணத்தால் தன்னை அடைத்துக்கொண்ட கூட்டம்தான் சாதி என்று 1916லேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். அடைத்துக்கொண்டதே சாதி என்றால், அடைத்த கதவுக்குள் பேசியதைச் சொந்த விஷயம் என்று விடுவது யாருக்குப் பாதுகாப்பு?

சாட்சியத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கைப்பேசிப் பதிவின் நகலைக் கொடுத்தால் கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்துப் போடணும். கூலிக்குப் போகும் பெண் நிபுணரை எங்கே தேடுவாள்? திட்டினவனோ 'எல்லாருக்குமாக அழி' என்று ஒரு விரலால் முடிச்சுடுறான்.

'இடம்' என்ற சொல்லுக்கு நாடாளுமன்றம் விளக்கம் எழுதணும்: உறுப்பினர் யாராக இருந்தாலும், இணையக் குழுவும் பொதுப் பார்வையே. நிபுணர் சான்றிதழ் வாங்குவது போலீசின் வேலை, புகார் கொடுத்தவள் வேலையில்லை. இந்த இரண்டையும் கேட்டு வாங்காதவரை, ஊர் நம்மைத் திட்டுவதற்கு ஒரு புது வீடு கட்டிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.