செங்கல்பட்டுக் கலெக்டரும் காஞ்சிபுரத்து ஊர்களும்

முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரத்துச் சுற்றூர்களின் கும்பினிக் கால (கிழக்கிந்தியக் கம்பெனிக் கால) வரலாற்றை எழுத உட்காருபவர், எங்கே தொடங்கினாலும் கலெக்டர் கச்சேரியில்தான், அதாவது அலுவலகத்தில்தான், போய் நிற்கிறார். ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கும்பினிக்கு ஜாகீராக (வருவாய் மானியமாக) கைமாறிய இந்தப் பகுதியைப் பற்றி ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பல லயனல் பிளேஸ் என்ற ஒருவரையே சுற்றி வருகின்றன. அவர் ஓயாமல் எழுதினார் என்பதுதான் காரணம்.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் பாழான ஊர்கள் இன்னும் முழுதாக மீளாத நிலையில், 1794இல் பிளேஸ் இந்த ஜாகீரின் கலெக்டரானார். 1799இல் அவர் எழுதி முடித்த அறிக்கையில் ஏரி, மிராசு (பரம்பரை நிலவுரிமை), காவல், கோயில் எல்லாம் ஒரே கணக்கின் பகுதிகள். ஏரி உடைந்தால் வரி இல்லை, திருவிழா நின்றால் ஊரில் குடி நிலைக்காது என்பது அவர் எண்ணம். காஞ்சிபுரத்துக் கோயில் நிர்வாகத்தைத் தம் மேற்பார்வையில் கொண்டுவந்தார். வரதராஜப் பெருமாளுக்கு நகை கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரிக்கரை உடையாமல் ராம லட்சுமணர் வில்லேந்தி நின்றதைக் கண்டு, தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. பூந்தமல்லிப் பக்கத்தில் தம் வரிவிதிப்பை ஏற்காத மிராசுதாரர்களின் நிலத்தைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தவரும் இதே துரைதான். அந்தக் கதையைக் கோயிலில் யாரும் சொல்வதில்லை.

யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல் இந்த அறிக்கையைப் புதிதாக வாசித்தது. பிளேஸின் அறிவு அவருடையது மட்டுமல்ல, உள்ளூராருடன் நடந்த உரையாடலில் விளைந்தது என்பது இர்ஷிக்கின் வாதம். கலெக்டர் சொன்னதே சட்டம் என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்தது. ஆனாலும் உரையாடல் என்பது கொஞ்சம் இதமான சொல்தான். ஒரு தரப்பின் கையில் ஜப்தி அதிகாரம் இருந்தது. மறுதரப்பில் பேச வாய்த்தவர்கள் பெரும்பாலும் மிராசுதாரர்கள். நிலத்தில் இறங்கி உழைத்தவர் குரல் அதில் எங்கே?

இன்னொரு மாவட்டமான குண்டூரைப் பற்றி ராபர்ட் பிரைக்கன்பர்க் 1965இலேயே வேறொரு படத்தைக் காட்டியிருந்தார்: கீழதிகாரிகளின் வலையில் சிக்கிய கலெக்டர். பவானி ராமன் 2012இல் கச்சேரிக்குள்ளேயே நுழைந்து, எழுத்தர்களும் மனுக்களும் கையெழுத்தும் மோசடியும் ஆட்சியை எப்படி நடத்தின என்று காட்டினார். என் கணிப்பில் இத்துறையின் பெரிய திருப்பம் இதுவே. கலெக்டர் போனாலும் காகிதம் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலைமை குறித்து அளித்த அறிக்கையை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். குடியிருக்கும் மனையே மிராசுதாரர் கையில் இருந்ததால் கூலியாள் வாய்திறக்க முடியவில்லை என்பதை அது பதிவு செய்தது. 1892 அரசாணையும், இன்று பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீடும் இதையொட்டி வந்தவை. ஆனால் கலெக்டர் கேட்டதில் எவ்வளவு குறைத்துத் தரப்பட்டது, கொடுத்ததும் ஊரில் எப்படி முடக்கப்பட்டது என்பதை ரூபா விஸ்வநாத் 2014இல் விரிவாக எழுதினார். நல்லெண்ணம் கொண்ட ஒரு கலெக்டரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு வேறில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் இந்த நூல்களின் ஓரத்தில்தான் இருக்கிறார். மொஹதர்பா என்ற தொழில்வரி தறியையும் விடவில்லை. அதைத் தண்டியவரும் கலெக்டரின் ஆட்களே. இருந்தும் நிலவரிக்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட தறிவரிக்குக் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளைக் கச்சேரி எப்படி எண்ணியது, யார் எண்ணினார், எண்ணாமல் விட யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுத இடமிருக்கிறது. தரம்பால், மிசுஷிமா ஆகிய ஆய்வாளர்கள் பயன்படுத்திய, பார்னார்ட் என்பவர் எடுத்த 1767–74 கணக்குகள் பிளேஸுக்கு முந்தியவை. ஊர்தோறும் எந்தத் தொழிலுக்கு எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்று சொல்பவை. தறிவரிப் பதிவுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் படிப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.